ஹெரால்டு மலையேறிய காலம்

ஓய்ந்துபோன கார்கள் – 9

திருத்தணியைத் தாண்டினால் நகரி, அதை அடுத்துப் புத்தூர், பிறகு திருப்பதி. சென்னைக்காரர்களுக்குத் தூக்கத்திலும் தெரிந்த வழி இது. இந்தச் சாலையை விட்டு ஒதுங்கி உள்ளே இருக்கிறது விஜயபுரம். வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாகப் புழங்கும் எல்லையோரப் பகுதி. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் விஜயபுரம் இருக்கும் சித்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் காருக்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கே கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய கார் பேச்சை எடுத்தால் முதலில் அம்பாசடர் வரும், அப்புறம் பியட் வரும். கொஞ்சம் பொறுத்தால் மூன்றாவதாக ஒரு பெயர் வரும். அது வந்துவிட்டால் பேச்சு லேசில் ஓயாது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

அம்பாசடர் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் பிறந்தது, பியட் பம்பாயில். ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. மெட்ராஸை ஒட்டிய பெருங்களத்தூர் தொழிற்சாலையில் உருவானது. யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்), பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கைகோத்து 1948-இல் தொடங்கிய ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ நிறுவனம் முதலில் வான்கார்டு காரையும், பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகியவற்றையும் தந்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963-இல் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. பெருங்களத்தூரில் அது 1988 வரை உயிரோடு இருந்தது.

இந்தக் கார் உருவான விதமே ஒரு சுவையான கதை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அதுவரை பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடியை ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியில்லை. எனவே தனியாக ஓர் இரும்புச் சேஸிஸ். அதன்மேல் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கிய பாடி. எல்லாவற்றையும் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் கார் தயார். அதற்கு அழகான உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிகலோட்டி. 1959-இல் கார் வெளியானது. பாகங்களாகக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டிக்கொள்ளவும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. பிரிட்டனில் வேறு வழியில்லாமல் செய்தது மெட்ராஸுக்கு வசதியாகப் போயிற்று.

ஹெரால்டு வைத்திருந்தவர்கள் முதலில் சொல்வது அதன் பானெட்டைப் பற்றித்தான். மட்கார்டு, ஹெட்லைட் உட்பட முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங் ராடு, முன்சக்கர ஸ்பிரிங் எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். குனிந்து முதுகு ஒடிய வேண்டாம். அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேர் தொழில் கற்றதே இந்தப் பானெட்டைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்துத்தான்.

அடுத்தது திருமலை. மலைக்கு முதல் சாலை 1944-இல் திறந்தது. 1974-இல் இரண்டாவது சாலை வரும்வரை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அது ஒன்றே வழி. மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.; நாற்பது குதிரைத் திறன்கூடக் கிடையாது. உள்ளே நாலு பேர், டிக்கியில் புளிசாத மூட்டையும் துணிப்பெட்டியும். இதற்கெல்லாம் ஈடு கொடுத்தது அதன் திருப்பம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பெரிய வண்டிகள் பின்னால் எடுத்து மறுபடி ஒடிக்கும் வளைவை ஹெரால்டு ஒரே வீச்சில் சுற்றிக் கடந்தது என்று சொல்லும்போது பெரியவர்களின் கை தானாக ஸ்டியரிங் பிடிக்கிறது.

பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கும். நிறுத்தி, ஆறவைத்து, கேனில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றவேண்டும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகி பம்ப் அடைத்துக்கொண்டால் அதன்மேல் ஈரத்துணி சுற்றவேண்டும். இதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்வதில்லை. அது யாத்திரையின் பங்கு!

உண்மையான குறை பின்சக்கரத்தில் இருந்தது. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியே ஆடும்படியான அச்சு. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வண்டி காலியாக நிற்கும்போது டயர்களின் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கும். ஆள் ஏறியதும் காலை அகட்டிக்கொண்டு உட்காரும். வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டு, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி எகிறும். விவரம் தெரிந்தவர்கள் மலை இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறவே மாட்டார்கள். பாடி துண்டு துண்டானது என்பதால் மழைக்காலத்தில் இணைப்பு வழியே தண்ணீர் ஒழுகும்.

முன்சக்கரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் திரும்புவதற்கு அடியில் ‘ட்ரன்னியன்’ என்ற ஒரு பித்தளைத் துண்டு, மரையோடு இருக்கும். விஜயபுரத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம், “இதுக்கு கிரீஸ் அடிப்பீங்களாண்ணே?” என்று கேட்டேன். “அய்யய்யோ, கிரீஸ் கன்னைக் கிட்டயே கொண்டு போகக்கூடாது தம்பி. கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் இறுகிப்போச்சுன்னா மரை காயும், தண்ணி எறங்கும், துருப்பிடிக்கும். ஒரு நாள் ஒடிஞ்சு சக்கரம் படுத்துக்கும்” என்றார். லண்டனில் உள்ள டிரையம்ஃப் பிரியர்களும் ஒருவருக்கொருவர் சொல்லும் எச்சரிக்கை இதுதான். அவர்களிடம் அச்சிட்ட கையேடு இருக்கிறது. இவரிடம் கை மட்டும். கைராசியை நம்பி எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போட வருகிற மாதிரிதான், ஹெரால்டுகாரர்களும் ஒரு காலத்தில் தங்கள் மெக்கானிக்கைத் தேடி ஊர் விட்டு ஊர் போனார்கள்.

பெருங்களத்தூர்க்காரர்கள் சும்மா நகல் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. கூட்டுக்குடும்ப நாட்டில் இரண்டு கதவு போதாது என்று அறுபதுகளின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு ஹெரால்டு வந்ததே இல்லை. 1972-இல் வந்த கேஸல் காரில் அந்த ஆடும் அச்சையே தூக்கிவிட்டு, நேரான அச்சு வைத்தார்கள். எஞ்சின் மட்டும் அதே 948 சி.சி. கேஸல் அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை.

பிறகு நடந்தது சோகம். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர் எஸ்.டி.1-இன் உடலை வாங்கி வந்து, 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றார்கள். பிரிட்டனில் அந்தக் காரின் பெருமையே 3,500 சி.சி. வி-8 எஞ்சின். இங்கே அதற்குள் உட்கார்ந்தது பழைய வான்கார்டு வம்சத்து 1,991 சி.சி. எஞ்சின். விலை அதிகம், பெட்ரோலும் நிறையக் குடித்தது. 1983 டிசம்பரிலேயே மாருதி 800 சாலைக்கு வந்து, ஜனங்களின் கணக்கை மாற்றியிருந்தது. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மிஞ்சிய உதிரி பாகங்களைப் பின்னாளில் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் மொத்தமாக வாங்கிக்கொண்டது. பெருங்களத்தூரில் செய்த பாகத்தை இன்று இங்கிலாந்திலிருந்து வரவழைக்கவேண்டிய நிலை.

ஆடம்பரமான 2000 மறைந்துவிட்டது. பாவப்பட்ட ஹெரால்டு இன்னும் அங்கங்கே ஓடுகிறது. கழற்றிப் பூட்ட முடிந்த வண்டிதான் காலத்தைத் தாண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சேஸிஸ் அரித்தால் ஒட்டுப்போடலாம், மட்கார்டு நசுங்கினால் தட்டி எடுக்கலாம், கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்ளலாம். இதே வட்டாரத்து ஸ்ரீ சிட்டியில் 2016 முதல் இசுசு வண்டிகள் உற்பத்தியாகின்றன. அருமையான வண்டிகள்தான். ஆனால் அவற்றின் கோளாறை கம்ப்யூட்டர்தான் சொல்லவேண்டும். ஐம்பது வருடம் கழித்து அந்தக் கம்ப்யூட்டரை யார் வைத்திருப்பார்கள்?

ஹெரால்டுக்கு இன்றைய எதிரி எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும். வண்டியை எடுக்குமுன் அவற்றைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டு நிற்கிறதா? எடைக்குப் போடுமுன் யோசியுங்கள். 50 வருடம் கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுக்கலாம். எல்லா ஹெரால்டும் இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் தகட்டையும் தொலைத்துவிடாதீர்கள். முக்கியமாக, உங்கள் ஊர் மெக்கானிக் சொல்வதைச் செல்போனிலாவது பதிவு செய்துவையுங்கள். உதிரி பாகத்தை லேத்தில் கடையலாம், அவர் கைப்பக்குவத்தைக் கடைய முடியாது.

அடுத்த வாரம்: பெங்களூரின் ஃபைபர் கார் டால்ஃபின்.

(தொடரும்)