அரசர்களும் அகதிகளும் காத்திருந்த கடற்கரை

லிஸ்பன் மாநகரின் கைஷ் டு சொட்ரே நிலையத்திலிருந்து புறப்படும் மின்சாரப் புகையிரதம் தேஜு நதியின் கரையோரமாகவே மேற்கு நோக்கி ஓடுகின்றது. இடப்புறத்து யன்னலோரம் ஆசனம் கிடைப்பின் அது பயணியின் பாக்கியம். பெலெம் கோபுரத்தைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் நதியின் முகத்துவாரம் வந்துவிடுகின்றது. அப்பால் அத்திலாந்திக் சமுத்திரம் விரிந்து கிடக்கின்றது. 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை 1926இல் மின்மயமாக்கப்பட்டது. லிஸ்பனில் ஏறிய நாம் ஒரு மணி நேரத்திற்குள் எஸ்தோரில் என்னும் கடலோரப் புறநகரில் இறங்கினோம்.

நிலையத்தின் எதிரே சூதாட்ட மண்டபம் வரை மேலேறிச் செல்லும் பூங்காவும் அதன் பனை வரிசைகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. கீழே மணற்கரை. அலைகளின் விளிம்பிலேயே அமைந்த நடைபாதையில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நடந்தால் காஷ்காய்ஷ் நகரை அடையலாம். ஒரு காலத்தில் மீனவர் ஊராக இருந்த அதனை 1870இல் லூயிஷ் மன்னர் தமது கோடைவாசத்திற்குத் தெரிந்தெடுத்தார். அரசர் வந்த இடத்திற்குப் பிரபுக்களும் வந்தனர், மாளிகைகள் எழுந்தன. ஊரின் மேற்கெல்லையில், பாறைக் குடைவினுள் கடல் புகுந்து குமுறும் இடத்தை மக்கள் ‘நரகத்தின் வாய்’ என்று அழைக்கின்றனர்.

ஆயினும் எம்மை இங்கு அழைத்துவந்தது இயற்கை அழகு அன்று. 1940ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரான்ஸ் நாடு வீழ்ந்தபோது, நாஜிகளிடமிருந்து தப்பியோடிய மக்கள் திரள்திரளாகப் போர்த்துக்கலை வந்தடைந்தனர். நடுநிலை வகித்த இந்நாட்டின் துறைமுகத்திலிருந்தே அவர்கள் அமெரிக்கா செல்லக் கப்பலேற முடிந்தது. கையில் பொருள் இருந்தோர் எஸ்தோரில் விடுதிகளில் தங்கினர். இல்லாதோர் லிஸ்பனின் மலிவான அறைகளில் ஒடுங்கினர். தரப்பட்டதோ கடந்து செல்வதற்கான அனுமதி மாத்திரமே. தூதரகத்திற்கும் கப்பற் கம்பனிக்கும் தபாற் கந்தோருக்குமாக அலைவதே அன்றாடத் தொழிலாயிற்று. ஒரு விசா கிடைக்குமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். அந்த அலைச்சல் எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் வந்து சேர்ந்தோர் முடியிழந்தோர். இத்தாலியின் கடைசி மன்னர் இரண்டாம் உம்பெர்ட்டோ அரியணையில் இருந்தது ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமான காலமே. 1946இல் மக்கள் குடியரசுக்கு வாக்களித்தமையால் நாட்டை விட்டு வெளியேறி, காஷ்காய்ஷில் குடியேறினார். 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அவர் தாயகத்தில் கால்வைப்பதையே தடை செய்தது. 1983இல் ஜெனீவாவில் இறந்தார். பிரான்சில் அடக்கம் செய்யப்பட்டார். ருமேனியாவின் இரண்டாம் கரோல் 1953இல் எஸ்தோரிலிலேயே காலமானார். அவரது உடல் தாயகம் திரும்பியது 2003இல், அரைநூற்றாண்டு கழித்து.

காஷ்காய்ஷ் கடைவீதியில் உணவு வாங்க நுழைந்தபோது, ரொட்டியைச் சுட்டி விற்பனைப் பெண் உச்சரித்த சொல் எமது செவியில் ‘பாண்’ என்பதற்கு வெகு அருகில் ஒலித்தது. சாவி, யன்னல், அலுமாரி, மேசை என இவர்களிடமிருந்து வந்து எம் வீடுகளில் தங்கிவிட்ட சொற்கள் பல. அவற்றைத் தந்தவர்களே 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன் கடைசி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். ஊர் திரும்பாத அரசர்களின் வரிசையில் எமது மன்னனும் ஒருவன் என்ற நினைவு அந்தப் பாணைக் கையில் ஏந்தியபோது எழுந்தது.

அரசர்களின் மாளிகைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்குப் பலர் உளர். எமது மனம் நாடியதோ வேறொரு மனிதரை. 1940இல் பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துக்கேயக் கொன்சல் அதிகாரியாக இருந்தவர் அரிஸ்டிடெஷ் டி சோசா மென்டெஷ். நாடற்றோருக்கும், சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட யூதருக்கும் முன் அனுமதியின்றி விசா வழங்கலாகாது என 1939 நவம்பரிலேயே அரசு சுற்றறிக்கை விடுத்திருந்தது. வாசலில் திரண்டு நின்ற கூட்டத்தைக் கண்ட அவர் அதனை மீறினார். ஆயிரக்கணக்கானோருக்குக் கையொப்பமிட்டார். லக்ஸம்பேர்க் அரச குடும்பமும், பெயரறியாத ஏழைகளும் பெற்றது ஒரே முத்திரையைத்தான்.

அரசு அவரைத் தண்டித்தது. ஓராண்டு பாதிச் சம்பளம். அதன்பின் கட்டாய ஓய்வு. பெருங்குடும்பத்தின் தலைவரான அவர், லிஸ்பனில் யூத அகதிகளுக்கென நடத்தப்பட்ட உணவுச்சாலையில் தம் பிள்ளைகளுடன் உண்ண நேர்ந்தது. 1954இல் வறுமையில் இறந்தார். 1988இல் போர்த்துக்கேய நாடாளுமன்றம் அவருக்கு இராஜதந்திரப் பதவியை மீள அளித்தது. 2021இல் தேசிய நினைவாலயத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. காப்பாற்றப்பட்டவர்களோ நன்றிகூற அத்தனை காலம் காத்திருக்கவில்லை. அவர்களுடைய சாட்சியங்களாலேயே அவர் பெயர் உலகறிந்தது.

எஸ்தோரில் அஞ்சலகக் கட்டடத்தில் 1999ஆம் ஆண்டு நாடுகடந்தோருக்கென ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. பிரிந்துபோன மனைவியின் கையெழுத்தையும், தூதரகத்தின் பதிலையும் தேடி அந்நாளில் மக்கள் வந்து நின்ற வாசல் அது. அந்த வாசலருகே நாமும் சிறிது நேரம் நின்றோம்.

மாலைப் புகையிரதம் லிஸ்பனை நோக்கித் திரும்புகையில் கடல் வலப்புறத்திற்கு மாறியிருந்தது. எம்மவர் பலரின் விண்ணப்பங்கள் ஐரோப்பாவின் அலுவலகங்களில் இன்றும் எவரோ ஒருவரின் மேசையில் கிடக்கின்றன. அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் போர்தோவின் கதையை ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும் என்பதே எமது பிரார்த்தனையாயிருந்தது.