கருவி தரும் மூச்சும் குடும்பத்தின் கேள்வியும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையில் சூடு இருக்கிறது. பிறகு எப்படி இறந்துவிட்டார் என்கிறீர்கள்?” மூளைச்சாவு என்னும் சொல்லை முதன்முதலில் கேட்கும் எந்தக் குடும்பத்துக்கும் இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்குப் பொறுமையாக விடையளிப்பது எங்கள் கடமை.

மூச்சு விடுமாறு உடலுக்கு ஆணையிடுவது மூளைத்தண்டு. இதயமோ தன் துடிப்பைத் தானே தோற்றுவித்துக்கொள்ளும் இயல்புடையது. தலைக்காயத்தினாலோ இரத்தக்கசிவினாலோ மூளைத்தண்டு மீளாவண்ணம் செயலிழந்த பின்னரும், வென்டிலேட்டர் பிராணவாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தால் இதயம் சிறிது காலம் துடிக்கும். சில வேளைகளில் விரல்கள் அசைவதும் உண்டு. அது முதுகுத்தண்டிலிருந்து எழும் அனிச்சைச் செயல். கோமா இதனின்று வேறானது. கோமாவில் இருப்பவரின் மூளை பழுதுற்றிருப்பினும் உயிரோடு இருக்கிறது. அவர் மீளவும் கூடும். மூளைச்சாவிலிருந்து மீட்சி இல்லை.

இதனை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் அடங்கிய குழு சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் எவரும் இதில் இடம்பெறலாகாது. கண்மணியில் ஒளி பாய்ச்சியும், காதில் குளிர்ந்த நீர் செலுத்தியும், தொண்டையைத் தூண்டியும் பார்க்கின்றனர். பின்னர் வென்டிலேட்டரின் மூச்சைச் சற்று நிறுத்தி, உடல் தானாக ஒரு மூச்சேனும் எடுக்கிறதா என நோக்குகின்றனர். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இச்சோதனைகள் அனைத்தும் மீண்டும் செய்யப்படுகின்றன.

இவ்வளவுக்கும் பிறகு கருவியை எத்தனை நாள் ஓட்டுவது? உலகமே கூர்ந்து நோக்கிய ஒரு நிகழ்வு இக்கேள்வியின் கடுமையை உணர்த்தும். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தொண்டை அறுவைக்குப் பின் ஏற்பட்ட இரத்தப்போக்கினால் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. சமய நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்கச் சட்டம் இடமளிக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு அவளைக் கொண்டுசென்றனர். அங்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வுடல் பேணப்பட்டது. அவளது நிலை குறித்து மருத்துவர்களிடையே விவாதமும் எழுந்தது. ஆனால் வென்டிலேட்டரை விட்டு அவள் விலகவேயில்லை. 2018 ஜூனில் இதயமும் அடங்கியது. ஒரே சிறுமிக்கு இரு மாநிலங்களில் இரு இறப்புத் தேதிகள்! அத்தாயின் அன்பை நாங்கள் குறை கூறோம். ஆயினும் கருவி நீட்டித்தது உயிரையா, காத்திருப்பையா என்ற வினா எங்களை விட்டு அகலவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் முழுத்தெளிவுடன் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாக ஏற்கிறது; 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ அதனைக் குறிப்பிடவே இல்லை. ஆகவே குடும்பத்தார் உறுப்பு தானத்துக்கு இசையாதபோது, கருவியை அகற்ற மருத்துவர்கள் தயங்குவது உண்டு. தானம் நிகழ்ந்தாலும் நிகழாவிடினும் மூளைச்சாவு இறப்பே எனத் தெளிவுறுத்தும் வழிகாட்டு நெறிகளைக் கேரள அரசு 2020இல் வெளியிட்டது. இத்தகைய தெளிவு நாடெங்கும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

மருத்துவத் துறையினராகிய எங்களிடமும் ஒரு பிழை உண்டு. “உயிரைக் கருவியில் பிடித்து வைத்திருக்கிறோம்” என்று சில வேளை சொல்லிவிடுகிறோம். பின்னர், “எடுத்துவிடலாமா?” என்று கேட்கிறோம். தகப்பனார் ஒருவர் இதனை, “உங்கள் மகனைக் கொன்றுவிடலாமா?” என்ற கேள்வியாகவே கேட்பார், அக்குற்றவுணர்வை ஆயுள் முழுதும் சுமப்பார். இது அநீதி. குடும்பத்தாரிடம் நாங்கள் நாடும் ஒப்புதல் மரணத்துக்கானது அன்று. மரணம் முன்பே நிகழ்ந்துவிட்டது. அந்த ஒப்புதல் விடைகொடுப்பதற்கே.

சில மணி நேரமோ ஓரிரு நாளோ காத்திருப்பதில் தவறில்லை. தொலைவிலுள்ள பிள்ளை வந்து முகம் பார்க்க வேண்டும். வழிபாடு செய்ய வேண்டும். தானத்துக்கு இசைந்தால் அதற்கும் கால அவகாசம் வேண்டும். எல்லையின்றி நீட்டிப்பதோ வேறு. அது இறந்தவருக்கு நன்மை எதுவும் செய்யாது. இருப்பவர்களின் துயரையும் கடனையும் வளர்க்கும்.

உறுப்பு தானம் குறித்த பேச்சு, சான்றளித்த பின்னரே எழ வேண்டும். இசைவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தால் உங்களுக்குரிய மரியாதையில் குறைவு நேரலாகாது. இசைந்தோரின் ஈகையைத் தமிழக அரசு 2023 முதல் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை அளித்துப் போற்றிவருகிறது.

இத்தகைய நேரம் எவருக்கும் வர வேண்டாம். வந்துவிட்டால், சோதனைகள் எப்போது நடந்தன, யார் செய்தனர், முடிவு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். புரியும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அவரது கையைப் பற்றியிருக்க நேரம் வேண்டும் என்றும் கேளுங்கள்.