ஸ்கோப் லென்ஸுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)



போன வருஷம் எங்கள் வகுப்பில் ஒரு குறும்படம் எடுத்தோம். முப்பது வருஷமாக ஃபைலிங் சொல்லிக் கொடுத்த எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். அவருடைய கைகளைப் பற்றித்தான் படம். "ஸ்கோப்ல எடுத்தா தூக்கலா இருக்கும்டா" என்றான் ஒருவன். மூடிப்போன தியேட்டரில் கிடந்த பழைய ப்ரொஜெக்‌ஷன் லென்ஸ் ஒன்றை, ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வாங்கிவிட்டோம்.

முதல் நாளே அடி! ஃபைல் பிடித்த கை ஒரே மங்கல். அந்த லென்ஸ் ஒன்றரை மீட்டருக்குக் கிட்டத்தில் எதையும் தெளிவாகக் காட்டாது. ஓடிப்போய் ஒரு க்ளோஸ்-அப் செட் வாங்கினோம். +1, +2, +4, +10 என்று நாலு கண்ணாடி, அறுநூறு ரூபாய். பெரிய நம்பர்தான் நல்லது என்று நினைத்து +10-ஐ மாட்டினோம். கேமரா கைக்குப் பத்து சென்டிமீட்டரில் போய் நின்றது. கேமராவின் நிழலே கைமேல் விழுந்தது, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் மாதிரி கலங்கியது. சாருக்கு மிச்சம் நாலு வேலை நாள்தான். அந்த நாலு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் கிட்டத்தில் தெரிவதில்லை?

இந்த வகை லென்ஸை 1920-களில் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கிரெத்தியன் உருவாக்கினார். 1953-ல் 'தி ரோப்' படத்தோடு அது சினிமாஸ்கோப் ஆனது. தமிழில் முதலில் வந்தது 1973-ல் 'ராஜ ராஜ சோழன்'. தத்துவம் எளிது. அகலத்தை மட்டும் பாதியாக அமுக்கிப் பதிவு செய்து, காட்டும்போது திரும்ப விரிப்பது. இதற்காக உள்ளே உருளை வடிவக் கண்ணாடிகள் இருக்கின்றன. அவை பக்கவாட்டில் மட்டும் வேலை செய்யும், மேலும் கீழும் செய்யாது.

சிக்கல் இங்கேதான். எங்களைப் போலப் பழைய லென்ஸை சாதா லென்ஸின் முன்னால் வைப்பவர்கள் இரண்டையும் ஒரே தூரத்துக்கு ஃபோகஸ் பண்ண வேண்டும். ஒன்று தப்பினால் நெடுக்குக் கோடு தெளிவாகவும் படுக்கைக் கோடு மங்கலாகவும் வரும். எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டாலும் பின் லென்ஸ் மட்டும்தான் கிட்டத்துக்கு வரும், முன்னது வராது. ஆகவே உதவி எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார வேண்டும். அதுதான் டையாப்டர். தாத்தாவின் படிக்கிற கண்ணாடிதான், வேறொன்றுமில்லை!

நம்பரின் கணக்கு

1-ஐ நம்பரால் வகுத்தால் மீட்டரில் தூரம் கிடைக்கும். லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்துவிட்டால்,

+0.5 என்றால் 2 மீட்டர்
+1 என்றால் 1 மீட்டர்
+2 என்றால் 50 சென்டிமீட்டர்

இந்தத் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாக இருக்காது. தூரத்திலிருந்து ஆள் நடந்து வருகிற ஷாட்டுக்கு இதை மாட்டாதீர்கள்.

நடுவில் ஒரு தூரம் வேண்டுமா? எங்கள் ஷாட்டையே பாருங்கள். கை 0.8 மீட்டரில். 1-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1.25. கையில் இருப்பது +1. மிச்சம் 0.25, அதாவது 4 மீட்டர். இரண்டு லென்ஸையும் 4 மீட்டரில் வைத்தால் முடிந்தது! டேப்பை டையாப்டர் கண்ணாடியிலிருந்து பிடியுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆரம்பகால ஸ்கோப் லென்ஸ்களில் கிட்டத்து ஃபோகஸில் அமுக்கம் குறைந்து, விரிக்கும்போது நடிகர் முகம் ஊதிப்போகும். அமெரிக்காவில் அதற்குப் 'பொன்னுக்கு வீங்கி' என்றே பெயர் வைத்தார்கள். டையாப்டர் போட்டால் லென்ஸ் தூரத்து ஃபோகஸிலேயே இருக்கும், முகமும் முகமாக இருக்கும்.

எதை வாங்கலாம்?

முதலில் நம்பர். ஆளின் மார்பளவுக்கு +0.5, கைக்கும் முகத்துக்கும் +1, கண்ணுக்கும் நாணயத்துக்கும் +2. செட்டாக வாங்காதீர்கள். அதில் +4-ம் +10-ம் நமக்கு வீண், தேவையான +0.5 பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது அகலம். ஸ்கோப் லென்ஸின் முன் கண்ணாடியை வெர்னியரில் அளந்து, அதைவிடப் பெரியதாக வாங்குங்கள். சின்னதானால் மூலை கறுக்கும்.

மூன்றாவது தரம். ஒற்றைக் கண்ணாடி மலிவு, ஆனால் ஓரத்தில் கலர் பிரியும். இரண்டு வகைக் கண்ணாடி சேர்ந்த அக்ரோமேட் அதைச் சரி செய்யும். கேனான் 500டி அப்படிப்பட்டது, பலம் +2. பழையது கிடைத்தால் விடாதீர்கள்.

காசே இல்லையா? மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போங்கள். ஃப்ரேமுக்கு வெட்டாத வட்ட லென்ஸ் 65, 70 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். "பிளஸ் அரை, சிலிண்டர் ஜீரோ" என்று கேளுங்கள். சிலிண்டர் இருந்தால் ஸ்கோப் லென்ஸின் இரண்டு திசை ஃபோகஸும் மறுபடி பிரிந்துவிடும். பாலிகார்பனேட் வேண்டாம், அதில் கலர் அதிகம் பிரியும். சிஆர்-39 என்கிற சாதா பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ போதும். நம்பர் சரிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைப் பிடியுங்கள். வெளியே தூரத்து மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும்போது, லென்ஸுக்கும் சுவருக்கும் +1-க்கு 1 மீட்டரும் +0.5-க்கு 2 மீட்டரும் இருக்க வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க:

புடைத்த பக்கம் வெளியே பார்க்கட்டும்.
இரண்டை அடுக்கினால் நம்பர் கூடும். பலமானது லென்ஸுக்குக் கிட்ட இருக்கட்டும்.
ஒற்றைக் கண்ணாடி என்றால் எஃப் 5.6-க்கு மூடுங்கள், ஓரம் தெளியும். எஃப் 2.8-ல் எடுத்ததைவிட நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக…

மூக்குக்கண்ணாடி லென்ஸில் மரை ஏது? எங்கள் லேத்தில் ஒரு அலுமினிய வளையம் கடைந்தோம். மூன்று ஸ்க்ரூ வைத்து லென்ஸ் உடம்பில் பிடிக்கிற மாதிரி. முதல் வளையத்தில் கண்ணாடி இறுக்கமாக உட்கார்ந்தது. சார் வந்து பார்த்தார். "என்னப்பா, பிளாஸ்டிக்குக்கு விரிய இடம் விடலியே? வெயில்ல வெச்சா வளைஞ்சிடும்" என்று சொல்லி, அவரே லேத்தில் நின்று சரிசெய்து கொடுத்தார். அதை மாட்டித்தான் மூன்றாம் நாளும் நாலாம் நாளும் எடுத்தோம்.

பிரிவு உபசார விழாவில் படம் ஓடியது. ஃபைல் பிடித்த கட்டைவிரல், நகத்தோர இரும்புத் தூள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சார் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "வளையத்தைப் பத்திரமா வெச்சுக்கங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

வளையமும் இரண்டு கண்ணாடிகளும் இப்போது சங்க அறை பீரோவில் இருக்கின்றன. ஜூனியர்களே, கேட்டு வாங்கிப் படம் எடுங்கள். எடுத்த பிறகு துடைத்து வைக்க மறக்காதீர்கள்!