படுக்கைக்குள் ஒரு கணப்பு

1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் இரண்டு டிகிரி கீழே போனது. கென்ட் கரையில், ஹெர்ன் பே ஊரில், கடலே உறைந்து கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் சாதாரண பிரிட்டிஷ் வீடு ஒன்றில் வெதுவெதுப்பான அறை ஒன்றே ஒன்றுதான்: நிலக்கரிக் கணப்பு எரியும் கூடம். இரவு அதை விட்டு எழுந்து மாடிப்படி ஏறினால், படுக்கையறையில் விடும் மூச்சு ஆவியாகக் கண்ணுக்குத் தெரியும். காலுறையோடு படுப்பார்கள். கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் வீட்டிலிருக்கும் மேல்கோட்டுகள். விடிந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி படர்ந்திருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூட உடையைப் போர்வைக்குள் இழுத்து, அங்கேயே மாற்றிக்கொண்டு வெளியே வருவார்கள்.

இன்று அதே செங்கல் வீடுகளில், அறைக்கு அறை ரேடியேட்டர் இருக்கிறது. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. சுவரில் ஒரு தெர்மோஸ்டாட்; எண்ணைத் திருப்பினால் வீடு முழுவதும் சூடாகும். இத்தனை வசதிக்குப் பிறகும், பாட்டிமார் காலத்துப் பொருள் என்று ஒதுக்கப்பட்ட மின்போர்வை அந்த வீடுகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. குளிரில் யாரைச் சூடாக்குவது, வீட்டையா ஆளையா என்று பல தலைமுறைகளாக அந்த நாடு கேட்டுவந்த கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு மின்போர்வை தரும் பதில் நல்ல பதில். ஆனால் அது பாதிப் பதில்தான்.

தணலிலிருந்து தண்ணீருக்கு

மின்சாரத்துக்கு வெகுகாலம் முன்பே பிரிட்டனில் படுக்கையைச் சூடாக்கும் வழக்கம் இருந்தது. பித்தளையிலோ செம்பிலோ செய்த, மூடியுள்ள வட்டச் சட்டி. அதற்கு நீண்ட மரக் கைப்பிடி. கணப்பிலிருந்து தணலை அள்ளி அதில் போட்டு மூடி, விரிப்புகளுக்கு இடையே விட்டு அங்குமிங்கும் நகர்த்துவார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் துணி கருகிவிடும். சட்டியை வெளியே எடுத்த பிறகுதான் ஆள் படுக்கைக்குள் போவார். வார்மிங் பேன் என்று பெயர்பெற்ற இந்தச் சட்டி அரசியலிலும் இடம் பிடித்தது. 1688 ஜூனில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு மகன் பிறந்தபோது, அது அரசியின் பிள்ளையே இல்லை, யாரோ பெற்ற குழந்தையை வார்மிங் பேனுக்குள் வைத்து அரண்மனைக்குள் கடத்தி வந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அதே ஆண்டு முடிவதற்குள் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார்.

அந்தச் சட்டி குளிரை மட்டும் விரட்டவில்லை, ஈரத்தையும் விரட்டியது. கணப்பில்லாத அறையில் விரித்த படுக்கை குளிர்காலத்தில் நமுத்துப்போகும். பயணம் போகும்போது விடுதிப் படுக்கையின் ஈர விரிப்பில் படுத்தால் நோய் வரும் என்ற பயம் அக்காலத்தில் எல்லோருக்கும் உண்டு. தணல் அந்த ஈரத்தை உலர்த்தியது.

தணலுக்குப் பிறகு வெந்நீர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பீங்கான் போன்ற தடித்த மண் குப்பிகளில் வெந்நீர் ஊற்றி, தக்கையால் அடைத்து, துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்தார்கள். வசதியற்ற வீடுகளில் அடுப்பில் சுட்ட செங்கல்லே போதும். அதையும் துணியில் சுற்றிக்கொள்வார்கள். பிறகு ரப்பர் வெந்நீர்ப் பை பரவியது. தணலைப்போலத் தீப்பிடிக்கும் பயம் இல்லை. ஆனால் பழைய ரப்பர் வெடித்துத் தோல் வெந்துபோன கதைகள் இன்றைக்கும் உண்டு.

மின்சாரம் படுக்கைக்குள் நுழைந்த கதை

மின்போர்வை பிறந்தது மருத்துவத் தேவையில். 1912-இல் சிட்னி ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் படுக்கையைச் சூடாக்கும் மின்கருவி ஒன்றை உருவாக்கினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்றுதான் சிகிச்சை என்று நம்பி, பனிக்காலத்திலும் நோயாளிகளைத் திறந்த தாழ்வாரங்களில் படுக்கவைத்தார்கள். அவர்கள் விறைத்துப்போகாமல் காக்க இப்படியொரு சூடு தேவைப்பட்டது. 1930களில் தானே சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் போர்வை அமெரிக்காவில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் உயரத்தில் பறந்த விமானப்படையினரின் உடைகளுக்குள் மின்கம்பி பதித்துச் சூடேற்றினார்கள். போர் முடிந்ததும் அந்த அனுபவம் போர்வைக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்கர்கள் மின்போர்வையை மேலே போர்த்திக்கொண்டார்கள். பிரிட்டிஷார் அதை விரிப்புக்கு அடியில், மெத்தை மேல் கட்டினார்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சுவிட்சைப் போட்டு, படுக்கையில் ஏறும்போது அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். பழைய மாடல்களை அப்படி மட்டுமே பயன்படுத்தலாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் தணல் சட்டியால் செய்ததும் இதுதான்: முதலில் படுக்கை சூடாகட்டும், பிறகு ஆள் படுக்கட்டும்.

இதற்கிடையே வீட்டைச் சூடாக்கும் முறையே மாறத் தொடங்கியது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து, நகரங்களில் நிலக்கரிப் புகைக்குக் கட்டுப்பாடு விழுந்தது. 1965-இல் வட கடலில் எரிவாயு கிடைத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் அடுப்புகளும் பாய்லர்களும் அந்த வாயுவுக்கு மாறின. 1970 வாக்கில் நான்கில் ஒரு வீட்டில்தான் வீடு முழுவதையும் சூடாக்கும் சென்ட்ரல் ஹீட்டிங். இன்று அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீடு முழுவதும் சூடானதும் ஆளைத் தனியாகச் சூடாக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின. தணல் சட்டி சுவர் அலங்காரமாயிற்று. மின்போர்வை முதியவர்களின் பொருளாயிற்று.

2022: கணக்கு மாறிய ஆண்டு

2021-லேயே ஏறத் தொடங்கியிருந்த எரிவாயு விலை, உக்ரைன் போர் மூண்டதும் மேலும் ஏறியது. பிரிட்டனில் சராசரிக் குடும்பம் ஒன்று ஆண்டுக்குக் கட்ட வேண்டிய எரிசக்திக் கட்டணத்தின் உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 3,549 பவுண்டைத் தொடவிருந்தபோது அரசு தலையிட்டு 2,500 பவுண்டில் நிறுத்தியது. அதுவே ஓராண்டுக்கு முந்தைய கட்டணத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டைச் சூடாக்காதே, ஆளைச் சூடாக்கு என்ற பேச்சு அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்கக் கேட்டது. ஆக்டோபஸ் எனர்ஜி என்ற மின் நிறுவனம், நோயும் முதுமையும் உள்ள தன் வாடிக்கையாளர்களுக்கு மின்போர்வைகளை இலவசமாகவே அனுப்பியது.

கணக்கைப் பாருங்கள். நூறு வாட் மின்போர்வை ஒரு மணி நேரம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். அன்று ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 34 பென்னி. ஆக, இரவுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்றரைப் பென்னிகூட ஆகாது. மாதம் முழுவதற்கும் சுமார் ஒரு பவுண்டுதான். ஒரு மனிதர் படுக்க, வீடு முழுவதையும் பாய்லரால் சூடேற்றுவதற்கு இதைப்போலப் பல மடங்கு செலவாகும்.

தூக்கம் காலில் தொடங்குகிறது

மின்போர்வையின் பயன் பணத்தோடு முடிவதில்லை. தூக்கம் வரும் வேளையில் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். அந்த வெப்பம் வெளியேறும் வழி கைகளும் பாதங்களும். அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடான இரத்தம் தோலுக்கு வந்து, வெப்பத்தை வெளியே விடுகிறது. பாதம் சில்லிட்டுக் கிடந்தால் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், வெப்பம் உள்ளேயே தங்கும், தூக்கம் தள்ளிப்போகும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் இதழில் இதைப் பதிவு செய்தார்கள்: கைகால் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது.

ஆகவே, படுக்கும்முன் சூடேற்றி, படுத்தபின் அணைக்கும் பிரிட்டிஷ் வழக்கம் உடலின் போக்கோடு ஒத்துப்போகிறது. இரவு முழுவதும் அதிகச் சூட்டில் கிடந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல், புரண்டு புரண்டு விழிக்க வேண்டியதாகிவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கு இந்தச் சூடு இன்னொரு வகையில் ஆறுதல்: விறைப்பு தளரும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போது இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், சில்லென்ற படுக்கையில் நுழையும் அதிர்ச்சியைத் தவிர்ப்பது முதியவர்களுக்கு நல்லது.

பொருளும் மாறிவிட்டது. அன்றைய போர்வையில் தடித்த கம்பிகள் முதுகில் உறுத்தும். மடித்து வைத்தால் உள்ளே கம்பி ஒடிந்து, அங்கே தீப்பிடிக்கக்கூடும். அப்படி எரிந்த வீடுகளும் உண்டு. இன்றைய போர்வையில் கம்பி மெலிந்துவிட்டது. எங்கேனும் சூடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும். நேரம் குறித்து வைக்கலாம். ஒயரைக் கழற்றிவிட்டு வாஷிங் மெஷினில் துவைக்கலாம். இருந்தாலும் தீயணைப்புத் துறையினர் சொல்வதைக் கேட்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் பழகிய போர்வையை மாற்றுங்கள். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். வெந்நீர்ப் பையையும் மின்போர்வையையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கைக்குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது.

போர்வை எட்டாத இடம்

மின்போர்வையை வியந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. போர்வை மெத்தையைச் சூடாக்கும். நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்காது. நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் நடையைச் சூடாக்காது. குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து கருப்புப் பூஞ்சை பிடிப்பதை நிறுத்தாது. குளிர்நாட்டு வீடுகளுக்குள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியது. 1970-இல் பிரிட்டிஷ் வீடுகளின் குளிர்கால சராசரி சுமார் 12 டிகிரி என்று அரசு மதிப்பீடு சொல்கிறது. அங்கிருந்து 18-க்கு அருகே ஏறியது ஒரு நாட்டின் உடல்நலத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி. ஆளுக்கொரு போர்வையைக் கொடுத்துவிட்டு அந்த வெற்றியைத் திரும்பப் பறித்துக்கொள்ளக் கூடாது.

இரவு ஒருவர் இதமாகத் தூங்க மூன்றரைப் பென்னி போதும் என்பது நல்ல செய்தி. கட்டணத்துக்குப் பயந்து பகலிலும் அவர் அந்தப் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தால், அது ஏழ்மை. இங்கிலாந்தில் சில இடங்களில், குளிரால் நோய் முற்றக்கூடியவர்களுக்கு வீட்டைச் சூடாக்கும் செலவையே மருந்துச் சீட்டுபோலப் பரிந்துரைத்துப் பார்த்திருக்கிறார்கள். போர்வையோடு சுவருக்கும் கூரைக்கும் குளிர்காப்பு, அதோடு கட்டணத்துக்கு உதவி என்று எல்லாம் சேர்ந்து வந்தால்தான் முழுப் பதில்.

1980களில் இலங்கையின் போரிலிருந்து தப்பி லண்டன் வந்து சேர்ந்த தமிழர்களில் பலர், காசு போட்டால் ஓடும் மீட்டர் கொண்ட வாடகை அறைகளில் தங்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். இன்று அவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டிய அம்மாக்கள், அப்பாக்கள். அன்று பழகிய சிக்கனம் இன்னும் அவர்களோடு இருக்கிறது. ஹீட்டரை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு நல்ல மின்போர்வை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே இருந்தால் அது வாங்கிய ஆண்டைக் கேளுங்கள். அப்படியே கூடத்துச் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டில் என்ன எண் காட்டுகிறது என்றும் பாருங்கள். அது 18-க்குக் கீழே இருந்தால், அடுத்த மாதக் கட்டணத்தைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.