தீர்ப்பிடும் முன் அறிந்துகொள்வோம்



ஒருவர் மூச்சிரைப்பால் வாடினால், புகை பிடித்ததன் பலன் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். ஆனால் புகையையே தொடாத சிலருக்கும் நுரையீரல் சிதைவதுண்டு. அதற்கான காரணம் ஒன்றை 1963-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டின் மால்மோ நகரில் கார்ல்-பெர்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். அதுவே ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு.

இப்பெயருடைய புரதத்தை நமது கல்லீரல் உருவாக்குகிறது. அது இரத்தத்தின் வழியாகச் சென்று நுரையீரலின் மெல்லிய திசுக்களைக் காக்கிறது. மரபணுப் பிழையால் உருக்குலையும் புரதமோ கல்லீரலிலேயே தேங்கி, அதற்கும் கேடு விளைவிக்கிறது. நுரையீரல் காவலின்றி நிற்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழையைப் பெறும் பிள்ளைக்கே பாதிப்பு கடுமையாகிறது. பெற்றோரோ பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். எனவே, இதில் யார்மீதும் பழி இல்லை.

சுவீடனில் 1972 முதல் 1974 வரை பிறந்த 2,00,000 குழந்தைகளுக்கு இதற்கான பரிசோதனை நடந்தது. குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபோது, மற்ற இளைஞரைவிடக் குறைவானவர்களே புகை பிடித்தார்கள். இந்நோயை வேகப்படுத்துவது புகையே என்பதால், முன்னரே அறிந்தது அவர்களுக்குக் காவலாயிற்று.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளோர் அனைவரும் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1997-இல் பரிந்துரைத்தது. இரத்தப் பரிசோதனையே போதும். குறைபாடு உறுதியானால், அதை மூடிமறைக்காமல் உடன்பிறந்தோரிடம் சொல்வோம். வெட்கத்தால் நாம் காக்கும் மௌனம் அவர்களுடைய மூச்சைப் பறித்துவிடக் கூடாது.