காப்பகத்தின் சாவி

சென்ற வாரம் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் நிறுத்தியிருந்தோம். அதற்கடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நுழையும் முன், 1939இல் வட கரோலினாவின் தலைநகரான ராலேயில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஜான் ஹோப் ஃபிராங்க்ளினுக்கு அப்போது வயது 24. ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கறுப்பின இளைஞர். தன் ஆய்வுக்காக அந்த மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் இங்கே படிக்க வருவார் என்று எண்ணி இந்தக் கட்டடத்தைக் கட்டவில்லை என்றார் இயக்குநர். தனி அறை ஏற்பாடு செய்ய ஒரு வாரம் ஆகுமாம். ஃபிராங்க்ளின் பதில் பேசாமல் இருந்தார். ஒரு வாரம் சில நாட்களாகக் குறைந்தது. பொது வாசிப்பறைக்கு எதிரே ஒரு சிறிய அறையும் மேசையும் கிடைத்தன. கூடவே ஆவணக் கிடங்கின் சாவியும் கிடைத்தது. வெள்ளைப் பணியாளர்கள் ஒரு கறுப்பருக்குக் காகிதக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சாவி. அவரே உள்ளே போய், வேண்டியதை எடுத்துப் படித்தார். இரண்டு வாரம்தான். தங்களுக்கும் சாவி வேண்டும், இல்லாவிட்டால் இது பாரபட்சம் என்று வெள்ளை ஆய்வாளர்கள் முறையிட்டார்கள். சாவி திரும்ப வாங்கப்பட்டது.

ஃபிராங்க்ளினே பின்னாளில் எழுதிய சம்பவம் இது. முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அந்தச் சாவியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் வரலாறு, அந்தக் கிடங்குக்குள் யார் போக முடிந்ததோ அவர்கள் கையால்தானே எழுதப்படும்? புனரமைப்புக் காலம் என்று அழைக்கப்படும் 1865 முதல் 1877 வரையிலான ஆண்டுகளுக்கு நேர்ந்தது அதுதான்.

அந்த ஆண்டுகளில் நடந்தது சாதாரணமானதல்ல. அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் குடியுரிமையும், 1870இல் நிறத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாத வாக்குரிமையும் அரசியல் சட்டத்தில் ஏறின. 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினராக அமர்ந்தார். 1877க்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 16 கறுப்பினத்தவர் இடம்பெற்றுவிட்டார்கள். அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த தென் கரோலினாவில், 1868இன் புதிய அரசியல் சட்டம் எல்லோருக்குமான பொதுப்பள்ளிக்கு வழி செய்தது.

இந்தக் காலத்தைத்தான் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் சீரழிவின் காலம் என்று எழுதினார்கள். முன்னாள் அடிமைகளுக்கு வாக்குரிமை தந்தது பெரும் பிழை, அதனால்தான் ஊழலும் குழப்பமும் வந்தன என்பது அவர்கள் வாதம். மாணவர்கள் மாநிலம் மாநிலமாக எடுத்துக்கொண்டு ஆவணங்களைப் புரட்டித் தடித்த நூல்களாக எழுதினார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் விடுதலை பெற்ற மனிதர் என்ன நினைத்தார், எதற்கு வாக்களித்தார் என்ற கேள்வியே அந்த நூல்களில் எழவில்லை. அவர்கள் சொன்னது பள்ளிப் பாடமானது. 1915இல் இதே கதையைச் சொன்ன ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ திரைப்படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. அதே ஆண்டு, வெள்ளை நிறவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் மீண்டும் உயிர்பெற்றது.

இதற்குள் அந்த வாக்குரிமைக்கு என்ன ஆகியிருந்தது? லூசியானாவில் 1896இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,000க்கும் மேல். 1904இல் 1,342 பேர். தேர்தல் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் சொத்துத் தகுதியுமாகச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். பறித்தது பேராசிரியர்கள் அல்லர். ஆனால் பறித்தது சரிதான் என்று இரண்டு தலைமுறை நம்புவதற்கான நியாயத்தை அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்து எழுந்தவர் கறுப்பின அறிஞரான டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். 1909 டிசம்பரில் அமெரிக்க வரலாற்றுச் சங்கக் கூட்டத்தில், டன்னிங்கும் அமர்ந்திருந்த அவையில், புனரமைப்பு அரசுகள் மக்களாட்சியையும் இலவசப் பொதுப்பள்ளியையும் புதிய சமூகச் சட்டங்களையும் தந்தன என்று கட்டுரை வாசித்தார். மறு ஆண்டு சங்கத்தின் ஆய்விதழ் அதை வெளியிட்டது. தன் இனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிடுங்கள் என்று கேட்டிருந்தார். ஆசிரியர் மறுத்துவிட்டார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் படிக்கும் நமக்கு, ஓர் எழுத்தின் உயரத்துக்காக ஒரு மனிதர் மன்றாட வேண்டியிருந்தது உடனே உறைப்பதில்லை.

1935இல் டுபாய்ஸின் ‘கறுப்புப் புனரமைப்பு’ வந்தது. 700 பக்கங்களுக்கும் மேல். போரின்போது அடிமைகள் லட்சக்கணக்கில் தோட்டங்களை விட்டு வெளியேறியதை அவர் ஒரு பொது வேலைநிறுத்தம் என்றே அழைத்தார். விடுதலை அவர்களுக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல, அவர்களே போராடிப் பெற்றது என்பது நூலின் உயிர். தென் மாநிலக் காப்பகங்களில் உட்கார்ந்து எழுதப்பட்ட நூல் அல்ல அது. அச்சில் வந்த நடவடிக்கைக் குறிப்புகளையும் பிறர் நூல்களையுமே பெரிதும் நம்பியது. நிறம் பார்த்துக் கதவு திறந்த காலம் என்பதை மறந்துவிட்டு இதைக் குறையாகச் சொல்வது அநியாயம். 1910இல் அவர் கட்டுரையை வெளியிட்ட அதே ஆய்விதழ் இந்த நூலுக்கு ஒரு மதிப்புரைகூடப் போடவில்லை.

இங்கே நமக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. டன்னிங் கற்பித்துக்கொண்டிருந்த அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை படித்தவர் அம்பேத்கர். 1945இல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில், விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் கைவிடப்பட்ட கதையைத் தீண்டப்படாதோருக்கு எச்சரிக்கையாக முன்வைத்தார். மறு ஆண்டு டுபாய்ஸுக்கே கடிதமும் எழுதினார். டன்னிங் வழி வந்தவர்கள் வாக்குரிமையின் தோல்வி என்று படித்த இடத்தில், அவர் நம்பிக்கைத் துரோகத்தைப் படித்தார்.

கல்வியுலகம் திரும்ப வெகுகாலம் பிடித்தது. ஃபிராங்க்ளின் 1961இல் புனரமைப்பு பற்றித் தன் நூலை வெளியிட்டார். டுபாய்ஸ் 1963 ஆகஸ்டில் கானாவில் இறந்தார். 1988இல் எரிக் ஃபோனரின் பெருநூல் வந்தபோது டுபாய்ஸின் பார்வை மைய நீரோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஃபோனர் அப்போது டன்னிங்கின் அதே கொலம்பியாவில் பேராசிரியராக இருந்தார்.

அந்த நூலுக்கான தேடலில் அவர் தென் கரோலினா மாநிலக் காப்பகத்துக்குப் போயிருந்தார். புனரமைப்புக் கால ஆளுநர்களுக்கு வந்த கடிதங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் திணித்து வைக்கப்பட்டிருந்தன. பிரபலங்கள் எழுதியவை மட்டுமல்ல, எளிய மனிதர்களின் ஆசைகளும் முறையீடுகளும் அவற்றில் இருந்தன. நூறாண்டாக அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

(தொடரும்)