காபியில் சீனி இல்லை, எண்ணெய்?

நீரிழிவுக்குப் பயந்து காபியில் சீனியை நிறுத்தியவர்கள், மாலையில் இரண்டு பஜ்ஜியைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. எண்ணெய் என்றால் மாரடைப்பு, இனிப்பு என்றால் சர்க்கரை நோய் என்றுதான் நாம் காலங்காலமாகப் பிரித்துச் சொல்லிவந்திருக்கிறோம்.

உடம்புக்குள் அப்படிப் பிரிவினை இல்லை. தேவைக்கு மேல் சாப்பிடுவது எதுவானாலும் கொழுப்பாகச் சேர்கிறது. தோலுக்கடியில் இடம் போதாதபோது கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. அங்கே இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்து, ஒரு கட்டத்தில் களைத்துப்போகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

அதற்காக எண்ணெயையே ஒழித்துவிட வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் 84,000க்கும் மேற்பட்ட செவிலியரை 14 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2001இல் வெளியானது. மொத்தக் கொழுப்பின் அளவுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது; தாவர எண்ணெய்களில் உள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்குக் குறைந்திருந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பின் வகை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில், நாம் குறைத்துக்கொள்ள வேண்டிய நிறைவுற்ற கொழுப்பு குறைவு. பாமாயிலில் அது பாதியை நெருங்கும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான்.

நல்ல எண்ணெய்க்கும் அளவு உண்டு, எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வகுத்த 2,000 கலோரி உணவுத் தட்டில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் நாளுக்கு 27 கிராம்தான். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு இது மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். நெய்யும் வெளியே தின்னும் வடையின் எண்ணெயும் இதற்குள் அடக்கம். உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள்.

டிரான்ஸ் கொழுப்பு விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எண்ணெயிலும் கொழுப்பிலும், அவற்றைச் சேர்த்துச் செய்யும் பண்டங்களின் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நாடு முழுவதற்குமான விதி. பொட்டலத்தில் அதன் அளவை அச்சிட்டாக வேண்டும். பொருள் பட்டியலில் ‘ஹைட்ரஜனேட்டட்’ என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த பிஸ்கட்டைத் திருப்பி வைத்துவிடலாம். பேக்கரியில் தட்டில் அடுக்கியிருக்கும் பப்ஸுக்கு லேபிள் கிடையாது. எந்தக் கொழுப்பில் செய்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

அதே வாணலி எண்ணெயை நாள்கணக்கில் காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு. சூடாக்கச் சூடாக்க எண்ணெயில் ‘போலார் சேர்மங்கள்’ பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது. இந்த விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. கறுத்து, நுரைத்து, காறல் வாடை அடிக்கும் எண்ணெயைக் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுக்கலாம். கடை, நேரம், தேதி, முடிந்தால் ஒரு படம் போதும்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி./டெ.லி. என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாத இந்தக் கட்டத்தில்தான் எடைக் குறைப்பும் நடையும் நன்றாகப் பலன் தருகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை இலவசம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் தடாலடியாகக் குறைக்கக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

கடையில் வாங்கும் பண்டங்களைப் பொறுத்தவரை, பலருக்குத் தெரியாத உரிமை இன்னொன்று உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பண்டத்தை நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.